ஒன்பதாம் நாள் பிரித்த பெட்டி

குற்றாலத்தில் சீசன் என்றால் தென்காசி டீக்கடைகளுக்கும் சீசன்தான். ஆரியங்காவுக் கணவாய் வழியே வருகிற காற்று நனைந்தே வரும். மணிக்கொரு டீ இல்லாமல் உட்கார முடியாது. அப்படி ஒரு சாயங்காலம் ஐந்தருவி ரோட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அந்தத் தம்பி வந்தார். மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். பைக்குள் இன்னொரு பை, அதற்குள் அட்டைப்பெட்டி, அதற்குள் வெள்ளிநிற உறை, உறைக்குள் ஒரு ஹார்டு டிஸ்க்.

"அண்ணாச்சி, இத மாத்தித் தர முடியாதுன்னு சொல்லுதாங்க."

தம்பி கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர். வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டர். முதலாளியும் அவரே, வேலையாளும் அவரே. இப்போதெல்லாம் ஒரு கல்யாணத்துக்கே படமும் வீடியோவுமாக நூற்றுக்கணக்கான ஜி.பி. சேர்ந்துவிடுகிறது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, வேலை இல்லை. ஆனால் தள்ளுபடி உண்டு. ஆன்லைனில் 4 டி.பி. டிஸ்க் ஒன்று விலை இறங்கிக் கிடந்ததைப் பார்த்து வாங்கிப் போட்டுவிட்டார். அவசரம் இல்லாததால் பெட்டியை அப்படியே அலமாரியில் வைத்தார். ஒன்பதாம் நாள்தான் பிரித்து மாட்டினார். பன்னிரண்டாம் நாள் டிஸ்க் 'டிக் டிக்' என்று முனக ஆரம்பித்தது. தளத்தில் போய்ப் பார்த்தால், மாற்றிக்கொள்ளப் பத்து நாள்தான், பணம் திரும்பக் கிடையாது என்று போட்டிருக்கிறது. சாட்டில் வந்தவர் வருத்தம் தெரிவித்துவிட்டு, டிஸ்க்கைத் தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரைப் பார்க்கச் சொல்லி வழியனுப்பிவிட்டார்.

நான் பழைய அசெம்பிள் கடைக்காரன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பஸ் பார்சலில் போர்டும் ரேமும் வரவழைத்து, தென்காசியில் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பழக்கத்தில் முதல் கேள்வியாக, "கேபிளை மாத்திப் பாத்தீங்களா தம்பி?" என்றேன். பார்த்திருந்தார். டிஸ்க்கின் உடம்பைச் சோதிக்கும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளையும் ஓட்டி, திரையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். வாங்கி உருப்பெருக்கிப் பார்த்தேன். 'பவர் ஆன் அவர்ஸ்' என்ற வரியில் 14,160 என்று இருந்தது.

டீயைக் கீழே வைத்துவிட்டேன். அந்த எண், டிஸ்க் பிறந்ததிலிருந்து மின்சாரத்தில் ஓடிய மொத்த மணி நேரம். தம்பி இரவு பகலாக ஓட்டியிருந்தாலும் மூன்று நாளில் 72 மணி நேரத்தைத் தாண்டாது. 14,160 மணி நேரம் என்றால் 590 நாள். யாரோ ஒன்றரை வருஷத்துக்கு மேல் உழைத்துத் தள்ளிய டிஸ்க்கைப் 'புதுசு' என்று பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

இது ஒன்றும் நமக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைஸ என்ற கணினிச் செய்தித் தளம், சீகேட் டிஸ்க்குகளைப் புதுசு என்று வாங்கி ஏமாந்தவர்களின் புகார்களை வெளியிட்டது. 15,000 முதல் 50,000 மணி நேரம் வரை ஓடிய டிஸ்க்குகள் அவை. சீனாவில் சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஓட்டித் தேய்த்த டிஸ்க்குகளாக இருக்க வேண்டும் என்று பேசப்பட்டது. அவற்றைத் தாங்கள் விற்கவில்லை என்றது சீகேட். அந்த மோசடிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். நான் மேலே சொன்ன எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். டிஸ்க்குக்குள் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவேடு இருப்பதை மறந்துபோனதால் மாட்டிக்கொண்டார்கள். நம் தம்பிக்கு விற்றவர் அந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்போ பத்து நாள் தாண்டினது என் தப்பு இல்லியா?" என்றார் தம்பி.

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஆகவே இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகத்தான் ஆரம்பித்தேன்.

பொருளைத் திருப்புவதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் வாதமும் குழம்பிவிடும். குற்றாலம் பஜாரில் ரம்புட்டான் வாங்குகிறீர்கள். வீட்டுக்குப் போய், "மங்குஸ்தான் வாங்கியிருக்கலாமோ" என்று தோன்றித் திரும்ப வந்தால், பழக்காரம்மா எடுத்துக்கொள்வதும் கொள்ளாததும் அவர் மனசு. அதே ரம்புட்டானை உரித்தபோது உள்ளே புழு இருந்தால் கதை வேறு. அதை மாற்றித் தருவதில் அவர் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அது அவர் கடன்.

முதல் வகைக்கு, அதாவது மனசு மாறியதற்கு, நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், பிரிட்டனிலும் அப்படித்தான். லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் நாலு சட்டை வரவழைத்து மூன்றைத் திருப்பி அனுப்புவது அந்த உரிமையில். இங்கே தளங்கள் தருகிற ஏழு நாளும் பத்து நாளும் வியாபாரத்துக்காக அவர்களாகப் போட்டுக்கொண்ட ஏற்பாடு. டி.டி.ஆர்.4 போர்டு வைத்துக்கொண்டு டி.டி.ஆர்.5 ரேம் வாங்கிவிட்டு, "பொருந்தலியே" என்று வந்தால் சட்டம் கைகொடுக்காது. ரேமில் வெட்டு இருக்கிற இடமே வேறு, பொருந்தாதுதான். வாங்குவதற்கு முன் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் வகைக்குச் சட்டம் இருக்கிறது, நல்ல கெட்டியாகவே இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அந்த வருஷம் ஆகஸ்ட் 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. மூன்று மாதம் கழித்து, நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. சட்டமும் மாவட்டமும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். அதே மாதம் 23ஆம் தேதி மின்வணிகத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. அந்த விதிகளில் ஆறாவது, தளங்களில் கடை போடுகிற விற்பனையாளருக்கானது. பொருள் பழுதாக இருந்தால், போலியாக இருந்தால், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமல் இருந்தால், சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தால், திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கிறது. தாமதத்துக்கு மட்டும் வெள்ளம், புயல் போன்று மனித சக்திக்கு மீறிய காரணங்களில் விலக்கு உண்டு. தள்ளுபடியில் வாங்கியதா, முழு விலைக்கு வாங்கியதா என்று அந்த விதி கேட்கவில்லை. பத்து நாள் என்று ஒரு கெடுவும் அதில் இல்லை.

நாள் கணக்கு வருகிற இடம் ஒன்று உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. நியாயமற்ற வணிக நடைமுறை எது எது என்று தாய்ச்சட்டம் அடுக்குகிறபோது, பழுதான பொருளைப் பில்லில் குறித்த கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் ஒன்று என்கிறது; பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். எதிர்த்தரப்பு வக்கீல் இந்த வரியைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் கெடு பத்து நாள்" என்று சொல்லலாம். ஆனால் பழுதான பொருளுக்காகப் புகார் கொடுப்பது அந்த ஒரு வரியை மட்டும் நம்பியதில்லை. பழுது என்பதே தனிக் காரணம்; புகார் கொடுக்கக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம். தளத்தில் ரிட்டர்ன் பட்டன் மறைந்துவிட்டது என்பதற்காக நம் உரிமையும் மறைந்துவிட்டதாகத் தம்பி நினைத்துக்கொண்டார். பட்டனைச் செய்தது கம்பெனி, உரிமையைச் செய்தது நாடாளுமன்றம்.

"பெட்டியப் பிரிச்சாச்சு, அதனால எடுக்க மாட்டோம்னும் சொல்லுதாங்க."

இதைக் கேட்டதும் டீ மாஸ்டரே சிரித்துவிட்டார். பிரிக்காமல் ஒரு டிஸ்க் பழுதா இல்லையா என்று எப்படித் தெரியும்? தேங்காயை உடைக்காமல் அழுகலைச் சொல்லத் தெரிந்தவர்கள் உண்டு. தட்டிப் பார்த்தே சொல்வார்கள். ஹார்டு டிஸ்க்கை அப்படித் தட்டிப் பார்க்க முடியாது.

அடுத்தது, யாரைக் கேட்பது. பணம் வாங்கியது தளம். பில் போட்டது வேறு ஏதோ ஒரு டிரேடர்ஸ். பொருளின் மேல் இருக்கிற பெயர் மூன்றாவது ஒருவருடையது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். தம்பியின் இன்வாய்ஸைப் பார்த்தேன். விற்பனையாளரின் ஜி.எஸ்.டி. எண் 07 என்று தொடங்கியது. அந்த 15 இலக்கத்தில் முதல் இரண்டும் மாநிலக் குறி. தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, டெல்லிக்கு 07. பொருள் டெல்லிக் கடையிலிருந்து வந்திருக்கிறது.

"நாங்கள் வெறும் சந்தை, கடை எங்களுடையது இல்லை" என்று தளங்கள் சொல்வது வழக்கம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தருகிற இடைத்தரகர் விலக்குதான் அந்தக் குடை. அந்தக் குடைக்குள் நிற்க வேண்டுமானால் அந்தப் பிரிவின் நிபந்தனைகளை ஒழுங்காக நிறைவேற்றியிருக்க வேண்டும் என்று மின்வணிக விதிகளும் சொல்கின்றன. 2022 ஆகஸ்டில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்தியத் தரநிலைக்கு ஒவ்வாத 2,265 பிரஷர் குக்கர்கள் தன் தளத்தில் விற்கப்பட்டதற்காக அமேசானுக்கு ஒரு லட்சம் அபராதம் போட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பவும் சொன்னது. அமேசான் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆக, விவாதம் முடிந்துவிடவில்லை. நமக்கு அதில் தலையைக் கொடுக்கும் அவசியமும் இல்லை. புகாரில் தளம், விற்பனையாளர், தேவையானால் தயாரிப்பாளர் என்று எல்லோரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிட வேண்டும். யார் தர வேண்டும் என்பதை அவர்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.

தயாரிப்பாளரின் வாரண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பிராசஸரில் 'பாக்ஸ்' என்றும் 'ட்ரே' என்றும் இரண்டு வகை விற்கிறார்கள். அச்சடித்த பெட்டியில் வருவதற்குத் தயாரிப்பாளரே பொறுப்பு. மொத்தமாகத் தட்டில் வந்து சில்லறையாக விற்கப்படுவதற்கு விற்றவரைத்தான் கேட்க வேண்டும். சில நூறு ரூபாய் குறைவு என்று ட்ரே வாங்கியவர்களின் வருத்தம் 2024இல் தெரிந்தது. அந்த வருஷம் தன் 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்கள் சிலவற்றில் கோளாறு இருப்பதை ஒப்புக்கொண்ட இன்டெல், பெட்டியில் வாங்கியவர்களுக்கு வாரண்டியை மேலும் இரண்டு வருஷம் நீட்டியது. மற்றவர்களை, வாங்கிய இடத்தில் கேட்டுக்கொள்ளச் சொன்னது. மலிவு எதனால் மலிவு என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வாங்கலாம்.

தம்பி மெதுவாக இன்னொன்று கேட்டார். கேட்டதும் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது, வக்கீல் கேட்கிற கேள்வி அது. "நான் இத தொழிலுக்குல்லா வாங்கினேன். நான் நுகர்வோரா?"

வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது உண்மை. எதிர்த்தரப்பு முதலில் எடுக்கிற ஆயுதமும் இதுதான். இதற்கான விடை நம் கோயம்புத்தூரைத் தொட்டுத்தான் வந்தது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம், பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் எந்திரம் வாங்கி, அது தாமதமாகவும் குறையோடும் வந்தது என்று வழக்குப் போட்டது. 1995இல் உச்ச நீதிமன்றம், இது வியாபார நோக்கம், நீங்கள் நுகர்வோர் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில் எல்லைக்கோட்டையும் தெளிவாகப் போட்டது. ஒருவர் டைப்ரைட்டர் வாங்கித் தன் கையாலேயே மற்றவர்களுக்குத் தட்டச்சு செய்து கொடுத்துப் பிழைத்தால், அவர் நுகர்வோர்தான். ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவரும் அப்படியே. சுயதொழிலில் வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் வாங்குவது வியாபார நோக்கம் ஆகாது என்ற விளக்கம் 2019 சட்டத்திலும் இருக்கிறது.

தம்பியின் மாடி அறை அந்த டைப்ரைட்டர் கணக்கில் அடங்கும். நாலு பேரைச் சம்பளத்துக்கு வைத்து ஸ்டுடியோ நடத்துகிறவர் அப்படி எளிதாகச் சொல்ல முடியாது. மத்தளம்பாறையில் சோஹோ வந்ததற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பிழைக்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் கவனிக்க வேண்டியது இது: சிறு தொழில் செய்கிறவர் புகாரில் "என் சுய உழைப்பில் குடும்பம் நடத்த வாங்கினேன்" என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். தொழில் பெயரில் ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் வாங்கி, வரியைக் கழித்துக்கொண்டவருக்கு இந்த வாதம் கொஞ்சம் பலவீனப்படும். கெடாது, பலவீனப்படும்.

இனி ஆதாரம். இதில் நான் சூடுபட்ட பூனை. சில வருஷம் முன்பு ஆன்லைனில் ஒரு மதர்போர்டு வாங்கினேன். இப்போதைய போர்டுகள் பலவற்றில் பிராசஸருக்குக் கால் கிடையாது. போர்டின் சாக்கெட்டில்தான் மயிரிழை போன்ற பின்கள் நிற்கும். மாட்டினேன், ஓடவில்லை. கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு பின் படுத்துக் கிடந்தது. நான்தான் வளைத்துவிட்டேன் என்றார்கள் அவர்கள். வரும்போதே அப்படி வந்தது என்றேன் நான். மூடியைக் கழற்றிய அந்தக் கணத்தில் ஒரே ஒரு படம் எடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். எடுக்கவில்லை. பெட்டியையும் அன்றே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பின்னை யார் வளைத்தது என்று இன்றுவரை எனக்கே தெரியாது. போர்டு பரணில் இருக்கிறது.

பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வீடியோ இல்லை என்ற ஒன்றை மட்டும் சொல்லி ஒரு கம்பெனி கைகழுவுவதும் சரியில்லை. ஆனாலும் எடுத்துவிடுங்கள். ஒட்டிய டேப் முழுசாகத் தெரியட்டும், முகவரிச் சீட்டு தெரியட்டும், இடையில் வெட்டாமல் போய் சீரியல் நம்பரில் நிற்கட்டும். இன்வாய்ஸிலும் பெட்டியிலும் பொருளிலும் அந்த எண் ஒன்றுபோல இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுவது நல்லது. விளம்பரப் பக்கத்தையும் படமெடுத்து வைக்க வேண்டும். 'புத்தம் புதியது', '3 வருட வாரண்டி' என்று அன்று எழுதியிருந்தது நாளைக்கு மாறிவிடலாம். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லை என்று நிரூபிக்க, சொன்னது என்ன என்பது கையில் வேண்டும் அல்லவா?

நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் தனியாக இருக்கிறது. சாரல். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை இங்கே உப்பு ஜாடி கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும். போர்டின் காலிலும் போர்ட்டின் ஓரத்திலும் பச்சை பூக்கும். வாரண்டிச் சீட்டைப் படித்தால், நீர்பட்ட சேதம், துரு இவற்றுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பொருளைத் திருப்பி அனுப்பினால், "லிக்விட் டேமேஜ்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வரும். அதனால் சீசனில் வருகிற பார்சலை வந்த அன்றே பிரித்து, பளபளப்போடு நாலு பக்கமும் படம் எடுத்துவிட வேண்டும். தம்பி மாதிரி அலமாரியில் வைக்கக் கூடாது. உள்ளே வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறிய வேண்டாம், பொருளோடு இருக்கட்டும். பென் டிரைவும் எஸ்.எஸ்.டி.யும் வாங்குகிறவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் ஒருமுறை முழுக்க நிரப்பிப் படித்துப் பார்ப்பது உத்தமம். 2 டி.பி. என்று எழுதிய தோலுக்குள் 32 ஜி.பி. ஒளிந்திருப்பதை அது காட்டிக் கொடுத்துவிடும்.

தம்பியின் பக்கம் ஆதாரம் பரவாயில்லை. வீடியோ இல்லை, ஆனால் பெட்டி இருக்கிறது, இன்வாய்ஸ் இருக்கிறது, சீரியல் நம்பரோடு 14,160 நிற்கிற படம் இருக்கிறது. இதோடு தயாரிப்பாளரின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் டிஸ்க்கைக் காட்டி, ஜாப் ஷீட்டில் கோளாறை எழுதி வாங்கிவிடச் சொன்னேன். சாட்டில் வந்தவர் தட்டிக்கழிக்கச் சொன்ன வார்த்தைதான் அது. போனால் நமக்கு ஒரு காகிதம் மிச்சம். பழுதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பித்தான் அறிய முடியும் என்றால் ஆணையம் அனுப்பலாம், அதற்கான கட்டணத்தை நம்மையே முதலில் கட்டச் சொல்லலாம். ஜாப் ஷீட் இருந்தால் அந்த நிலைமை வராமலே போக வாய்ப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். டிஸ்க்கில் யார் யாருடைய கல்யாணப் படங்களோ இருக்கின்றன. திருப்பி அனுப்புவதற்கு முன் முழுக்க அழித்துவிட வேண்டும். டெலிட் பட்டன் போதாது, டிஸ்க் முழுவதும் மேலெழுதி அழிக்க வேண்டும். அழித்தால் அந்த மணிக்கணக்கு அழியாது, பயமில்லை. மற்றவர் வீட்டு மணப்பெண் படம் டெல்லியில் யாரோ ஒருவர் மேஜையில் கிடக்கக் கூடாது. இதற்குச் சட்டம் தேவையில்லை.

பிறகு போனிலேயே மெயில் எழுத உட்கார்ந்தோம். தம்பி முதலில் எழுதியது ஒன்றரைப் பக்கம். அதில் முக்கால் பக்கம் சாபம். சாபத்தை எல்லாம் எடுத்துவிட்டு ஆர்டர் எண், வந்த தேதி, சீரியல் நம்பர், 590 நாள் ஓடிய டிஸ்க் என்பதற்கான படம், மின்வணிக விதி ஆறு, கூப்பன் வேண்டாம் பணம் வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவுதான் வைத்தோம். ஏழு வரி. அனுப்ப வேண்டியது சாட்டுக்கு அல்ல, குறைதீர் அலுவலருக்கு. ஒவ்வொரு தளமும் அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும் என்பது விதி. பக்கத்தின் அடிமட்டத்தில், யாரும் போகாத மூலையில் போட்டிருப்பார்கள், தேடினால் கிடைக்கும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று தொடர்ந்து பார்க்க ஒரு டிக்கெட் எண்ணும் தர வேண்டும்.

அதே கையோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிடலாம், தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இல்லை; கம்பெனியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள். சாட்டில் மசியாத கம்பெனி இந்தக் கதவு தட்டப்பட்டதும் இறங்கி வருவதை நானே இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். "டெல்லிக்கா போகணும்?" என்றார் தம்பி. வழக்கு எதுவானாலும் எங்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் என்று தளத்தின் நிபந்தனைகளில் எழுதியிருப்பார்கள். அதைப் படித்துத்தான் பாதிப்பேர் அடங்கிவிடுகிறார்கள். பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கிற இடமோ, பிரச்சினை எழுந்த இடமோ பார்க்க வேண்டியிருந்தது. இப்போதைய சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கிற அல்லது வேலை செய்கிற இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2025 ஜனவரி 1 முதல் இ-ஜாக்ரிதி என்ற தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், காணொளியில் விசாரிக்கும்படியும் கேட்கலாம்.

எவ்வளவு நாளாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்பது சட்டத்தில் இருக்கிற கணக்கு. நடப்பு அப்படி இல்லை. ஒடிசாவில் ஒரு சட்ட மாணவர் 2014இல் அமேசானில் 190 ரூபாய்க்கு லேப்டாப் என்று கண்டு ஆர்டர் போட்டார். ஆர்டர் உறுதியானது, பிறகு ரத்தானது. மாநில ஆணையம் அவருக்கு இழப்பீடு தரச் சொன்னது 2021இல். அந்த மாணவர் அதற்குள் படிப்பை முடித்திருப்பார். கம்பெனி மேல்முறையீடு போக வேண்டுமானால், தரச் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று இப்போதைய சட்டத்தில் இருப்பது ஒரு ஆறுதல். சில ஆயிரம் ரூபாய் டிஸ்க்குக்கு இவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்டால், முதல் இரண்டு படியை ஏறாமல் விடுவது சோம்பல் என்பேன். மூன்றாவது படி அவரவர் பொறுமை. தம்பிக்குப் பொறுமை இருக்கிற மாதிரிதான் தெரிந்தது.

பேசி முடிப்பதற்குள் சாரல் விட்டிருந்தது. டீக்குத் தம்பிதான் காசு கொடுத்தார், நான் தடுக்கவில்லை. மெயில் போன மறுநாள் மதியமே டிக்கெட் எண் வந்துவிட்டது. ஜாப் ஷீட்டும் கையில் இருக்கிறது. இதை எழுதுகிற இன்று இருபத்திரண்டாவது நாள். குறைதீர் அலுவலருக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.